மேபலுக்குள் இருந்தவள்

மிர்லாண்ட் வேலைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தகரக் கூரையைப் பழுக்கக் காய்ச்சியிருந்தது. கிஸ்ஸிமீயிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த அலுப்பு இன்னும் அவள் முழங்காலில் இருந்தது. கேளிக்கைப் பூங்காவின் முன்பக்கத்தில் பூவும் பாட்டும் நீரூற்றும். பின்பக்கத்தில், ஒரு காலத்தில் படகுக் கிடங்காக இருந்த கொட்டகைதான் உடைமாற்றும் அறை. ஜன்னல் கிடையாது. ஏசி நின்றுபோய் ஒரு வாரம் ஆகியிருந்தது. உள்ளே நுழைந்தால் யார் யாருடைய வியர்வையோ, அதன்மேல் அடித்த லாவெண்டர் மருந்தோடு சேர்ந்து தொண்டையில் வந்து நிற்கும். சுவரோரப் பலகையில் வேஷ உடைகளின் பெரிய பொம்மைத் தலைகள்: முதலையின் தலை, நாரையின் தலை, கடற்பசு மேபலின் தலை. எல்லாம் இருட்டில் சிரித்துக்கொண்டிருக்கும்.

யாரிட்சா பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தாள். மேபல் உடைக்குள் போகிறவள் அவள். கையைப் பிடித்துக் குழந்தைகளிடம் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவருவது மிர்லாண்டின் வேலை.

"ஏன்டி மூஞ்சி சுண்ணாம்பா இருக்கு?"

"காலையில மோட்டல்ல ரூமெல்லாம் கழுவிட்டு அப்படியே வந்தேன். இன்னும் ஒண்ணும் சாப்பிடல."

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டுப் போயேன்."

"சொல்லிட்டு? இன்னொரு தடவை பாதியில உள்ள வந்தா வேலை கிடையாதுன்னு சூப்பர்வைசர் கர்ட் சொன்னப்போ நீயும்தானே நின்ன. வேலை போனா இன்சூரன்ஸும் போச்சு. அப்புறம் என் பையனுக்கு இழுப்பு வந்தா நீ வந்து மூச்சு ஊதி விடுவியா?"

"உன் பையனுக்கு என் வாய் நாத்தமே போதும், எழுந்து ஓடிடுவான்."

யாரிட்சா சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். "போய் தண்ணி பிடிச்சிட்டு வா. நான் அதுக்குள்ள மாட்டிக்கிறேன்."

பூங்காவுக்கு வருகிறவர்கள் உள்ளே இருப்பவர்களைப் பற்றி ஆயிரம் கதை சொல்வார்கள். மேபல் உண்மையில் தாடி வைத்த ஆண் என்பார்கள். ஜாமீனில் வந்தவர்களைப் பிடித்து உடைக்குள் அடைக்கிறார்கள் என்பார்கள். வேலைக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரே ஒரு கதைக்கு மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் மேபலுக்குள் ஒரு பெண் இருந்தாள். தலையை மாட்டிவிட்டால் பேசக் கூடாது. வாந்தியே வந்தாலும் ஜனங்கள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது. இந்த விதிகளை எழுதியவன் வாழ்நாளில் ஒரு மணி நேரம்கூட வெயிலில் நின்றிருக்க மாட்டான். முடியவில்லை என்றால் இரண்டு துடுப்புக் கையையும் மூக்கின்மேல் வைக்க வேண்டும், அதுதான் சைகை. அந்தப் பெண் வைத்தாள். கூட்டி வந்தவள் புதிது, மேபல் வெட்கப்படுகிறது என்று நினைத்துக்கொண்டாள். குழந்தைகள் கை தட்டினார்கள். அவள் மறுபடி மறுபடி வைத்தாள். கடைசியில் விழுந்தாள். அப்போதும் ஒரு குரல் கத்தியதாம்: "தலையைக் கழட்டாதீங்க, குழந்தைங்க பாக்குதுங்க!" கொட்டகைக்கு இழுத்து வந்து கழற்றியபோது அவசரப்பட ஒன்றும் மீதியில்லை.

அவள் ஒக்காலா ஊர்ப் பெண் என்றார்கள், டாம்பா ஊர்ப் பெண் என்றார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்றது நிர்வாகம். கத்திய குரல் கர்ட்டுடையது என்பதை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

மிர்லாண்ட் தண்ணீரோடு திரும்பியபோது, கொட்டகையிலிருந்து பூங்காவுக்குப் போகும் நடைபாதைக் கதவருகே மேபல் தயாராக நின்றிருந்தது. பின்கழுத்துக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். மாட்டியிருந்தது. அந்தக் கொக்கி உடைக்குள் இருப்பவளுக்கு எட்டாது.

"யாரு மாட்டிவிட்டா?" என்றாள். தலை மாட்டிய பிறகு பதில் வராது என்பது தெரிந்ததுதான்.

வாத்துக் குளத்தருகே வரிசை நீண்டு கிடந்தது. மேபல் குழந்தைகளைக் கட்டிக்கொண்டது, தலையை ஆட்டியது. பாதி வரிசை போவதற்குள் இரண்டு துடுப்பையும் தூக்கி மூக்கின்மேல் வைத்தது.

மிர்லாண்ட் சுற்றிலும் பார்த்தாள். தூரத்தில், ஐஸ்கிரீம் வண்டி நிழலில் கர்ட் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மேற்பார்வை என்றால் அவனுக்கு நிழலில் நிற்பது.

அவள் மேபலின் வாய் வலையருகே குனிந்தாள். "கொஞ்சம் தாங்கிக்கோ டி. இப்போ உள்ள போனா அவன் உன்னைத் தூக்கிடுவான். இதோ முடிஞ்சிடும்."

வலைக்குள்ளிருந்து எப்போதும் கொதிக்கிற மூச்சு முகத்தில் அடிக்கும்.

இன்று அடிக்கவில்லை.

மேபல் மறுபடி துடுப்பை மூக்கில் வைத்தது. குழந்தைகள் கை தட்டினார்கள். "ஐயோ, வெட்கத்தைப் பாரேன்!" என்றாள் ஒரு தாய்.

மிர்லாண்ட் துடுப்பைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள். உள்ளே இருக்கும் விரல்கள் வழக்கமாக அவள் விரல்களைத் தேடிப் பற்றும். இன்று பஞ்சுக்குள் எதுவும் தட்டுப்படவில்லை. அவள் அழுத்திப் பார்த்தாள். இன்னும் அழுத்தினாள்.

மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு மட்டும் இருந்தது.

ஜில்லென்று இருந்தது.

"யாரிட்சா?" என்றாள், உதடு அசையாமல்.

மூன்றாம் முறை மேபல் சைகை காட்டவில்லை. மிர்லாண்டின் கையைப் பற்றி இழுத்தது. வரிசையை விட்டு, பூச்செடிகளை மிதித்து, நடைபாதைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவளை இழுத்துப் போனது. பின்னால் கர்ட் கத்துவது கேட்டது. பாதையின் இருட்டில் அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் போகும் அந்தப் பெரிய பாதங்கள் ஓசையே எழுப்பவில்லை.

கொட்டகை வாசலில் மேபல் நின்றது. துடுப்பை உள்ளே நீட்டியது.

பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே யாரிட்சா கிடந்தாள். பருத்தி உள்ளுடையோடு. உடையை அவள் மாட்டவே இல்லை. உடம்பு அனலாகக் கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை.

அந்த இரண்டு சைகையும் 'என்னால் முடியவில்லை' என்று சொல்லவில்லை. 'அவளால் முடியவில்லை' என்று சொல்லியிருக்கின்றன.

அதன் பிறகு எல்லாம் கூச்சலும் தண்ணீரும்தான். மிர்லாண்ட் குழாயைத் திறந்துவிட்டாள், ஐஸ்கிரீம் வண்டியிலிருந்து ஐஸை அள்ளி வந்து கொட்டினார்கள். கர்ட் ஓடிவந்து, "ஆம்புலன்ஸைப் பின்வாசலுக்கு வரச் சொல்லு, ஜனங்க பாக்கக் கூடாது" என்றான்.

"முன்வாசல்தான் கிட்ட. அங்கதான் வரச் சொல்லியிருக்கேன். முடிஞ்சா தடுத்துப் பாரு" என்றாள் மிர்லாண்ட்.

யாரிட்சாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் மேபல் இல்லை. அதைத் தேட அவளுக்கு நேரமில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் யாரிட்சா கண் திறந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உதடு வெடித்திருந்தது.

"என் பையன்?"

"உங்க அக்கா வீட்டுல. ரொட்டி தின்னுட்டு டிவி பாக்குறான். நீ பேசாத."

யாரிட்சா பேசாமல் இருக்கவில்லை. "நான் விழுந்ததும் யாரோ நெத்தியில கை வச்சாங்க. குளிர்ந்த கை. நீயோன்னு நினைச்சேன். 'நீ படுத்திரு, நான் போறேன்'னு சொன்னா. நம்ம ஊர்க் குரல் இல்ல. சின்னப் பொண்ணு." மிர்லாண்டின் கையைப் பிடித்தாள். "யாருடி அது?"

மிர்லாண்ட் பதில் சொல்வதற்குள் அவளுடைய போன் அடித்தது. கர்ட்.

"எங்க தொலைஞ்ச? மேபலை அப்படியே விட்டுட்டுப் போயிட்ட! பார்க்கை மூடியாச்சு. அது திரும்பக் குளத்துக்கிட்ட போய் நிக்குது. யாரு போய்க் கூப்பிட்டாலும் வரமாட்டேங்குது. உள்ள இருக்கறது யாரு? பேரைச் சொல்லு, நாளைக்கு வேலை கிடையாது அவளுக்கு."

"பேரு எனக்குத் தெரியாது, கர்ட். உனக்குத்தான் தெரியணும்."

அவன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். "நானே தலையைக் கழட்டிப் பாக்குறேன், இரு."

போனில் காலடிச் சத்தம். வாத்துகள். பிறகு கொக்கி விடுபடும் சின்ன ஓசை.

பிறகு அவன் மூச்சு வாங்க எதையோ இழுக்கும் சத்தம்.

"மிர்லாண்ட்." அது கர்ட்டின் குரல் போலவே இல்லை. "கொக்கியைக் கழட்டிட்டேன். தலை வரமாட்டேங்குது. உள்ளேயிருந்து யாரோ இழுத்துப் பிடிச்சிட்டிருக்காங்க."

"இழுக்காத. நான் வந்து அவளை உள்ள கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நீ எட்டி நில்லு."

"முடியல." அவன் கிசுகிசுத்தான். "என் கையை விடமாட்டேங்குது."

மிர்லாண்ட் போனை அணைத்தாள். யாரிட்சாவின் போர்வையைச் சரிசெய்தாள், அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள், பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, வெயில் ஆறவில்லை. நிறுத்தத்தில் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. ஓட்டுநர் அவளைப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருந்தான்.

காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை. ஓட்டுநரைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, அடுத்த பேருந்துக்காக பெஞ்சில் உட்கார்ந்தாள்.