பின்னால் வருகிறவளுக்கு ஓர் உறை

காலை ஒன்பது மணிக்குப் போன மின்சாரம் இன்னும் வரவில்லை. ஆனாலும் தையல் மெஷினின் பல்பு சுட்டது.

ஸ்வீட்லின் விரலை உதறினாள். ஊசிக்குப் பக்கத்தில், தகரத் தொப்பிக்குள் இருக்கும் சின்ன பல்பு அது. அரைமணி நேரம் எரிந்தால் தகரம் தோசைக்கல்லாகிவிடும். இப்போது எரியவில்லை. சுவிட்சும் அணைந்தே இருந்தது.

பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்கென்று ஒரு மரியாதை உண்டு. சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையன்று கிறிஸ்தவக் கோயில் பீடத்தில் விரிக்கும் வெள்ளைத் துணி, நான்கு தலைமுறையாக அந்த வீட்டு மருமகள் தைத்துக் கொடுப்பது. ஆறு வருடம் பெர்லின் தைத்தாள். வீட்டு மகன் எஸ்றாவின் முதல் மனைவி. காய்ச்சலில் போய் இரண்டு வருடமாகிறது. இந்த முறை, அவன் இரண்டாவதாகக் கட்டிய ஸ்வீட்லின். பண்டிகை நாளை மறுநாள்.

கல்யாணமான மூன்று மாதத்தில் அவளுக்குக் காது புளித்துவிட்டது. பெர்லின் தைத்தால் தையலே தெரியாதாம். எஸ்றா மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. மெஷினைக் கடக்கும்போது அதன்மேல் ஒரு நொடி கையை வைத்துவிட்டுப் போவான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

தொப்பிக்குக் கம்பளியில் ஓர் உறை இருந்தது. ஓரத்தில் நீல நூலில் 'பெ'. வந்த மறுநாளே மாமியார் சாரம்மாள் அதைக் காட்டினாள்.

"நூல் கோக்கையில தகரம் மணிக்கட்டுல படும்ட்டி. பெர்லினுக்கு அங்கன பிறை மாதிரி ஒரு தழும்பு. சவப்பெட்டியில வைக்கையிலயும் தெரிஞ்சுது. பின்னால வாரவ சுட்டுக்கிடக் கூடாதுன்னு, சாகுறதுக்கு முந்தி அவதான் தன் எழுத்தப் போட்டு இதைத் தைச்சா."

"பின்னால ஒருத்தி வருவான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும் அத்தே?"

"இந்த வீட்டுல அப்படியெல்லாம் கேக்க மாட்டோம்."

போன ஞாயிறு எல்லாரும் ஆராதனைக்குப் போனபோது, தலைவலி என்று வீட்டில் இருந்துகொண்டு, ஸ்வீட்லின் அந்த உறையை அடுப்பில் போட்டாள். செத்தவள் தயவில் அவள் கை பிழைக்க வேண்டாம். நீல எழுத்து கடைசியாகத்தான் எரிந்தது.

இப்போது எஸ்றா, வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில். சாரம்மாள் அசனத்துக்கு அரிசி புடைக்கக் கோயிலுக்குப் போயிருந்தாள். ஸ்வீட்லின் மனதைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்து மிதித்தாள். மேற்கே கறுத்த மழை மேகம் ஜன்னல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்க, மெஷின் எண்ணெய் வாசனைக்குள்ளிருந்து கருகிய கம்பளி நாற்றம் மெல்லக் கிளம்பி அவள் தலைமுடியில் வந்து படிந்தது. துணி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மஞ்சளாக, வட்டமாக, ஊசியைச் சுற்றி.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

நூல் அறுந்தது. கோக்காதே என்று நினைத்தாள். கை போனது. யாரோ பிடித்துக் கொண்டுபோவது போல. பைய. தகரத்தை நோக்கி.

சுரீர்.

அடுப்படிக்கு ஓடித் தண்ணீர்க் குடத்துக்குள் கையை விட்டாள். வெளியே எடுத்தபோது மணிக்கட்டில் சிவப்பாக ஒரு பிறை.

முன்னறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அத்தே? வந்துட்டியளா?"

மெஷின் ஓட்டம் நிற்கவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாற்காலி காலி. மிதிபலகை ஏறி இறங்கியது. பீடத் துணி முடிந்து, மடித்து, ஓரமாக இருந்தது. தையலே தெரியவில்லை.

ஊசிக்கடியில் வேறு துணி. வெள்ளைப் பட்டு. அவளுடைய கல்யாணப் புடவை. அது பீரோவுக்குள் இருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

தொப்பி அளவுக்கு வெட்டிய சின்ன உறை. ஓரத்தில் நீல நூல். 'ஸ்' முடிந்திருந்தது. அடுத்த எழுத்தின் சுழியை, அவசரமே இல்லாமல், ஊசி சுற்றிக்கொண்டிருந்தது.