பித்தளை வாய்

கண்ணாடியை நாலு விரற்கடை தாழ்த்தி மாட்டியிருந்தார்கள்.

புதுக் குளியலறைக்குள் முதன்முதலாக நின்றபோது சரிதாவின் கண்ணில் பட்டது அதுதான். சுற்றிலும் பார்த்து வாய் பிளக்க எவ்வளவோ இருந்தது. சுவரெங்கும் பித்தளைக் குழாய்கள் வளைந்து நெளிந்து ஓடின. அங்கங்கே வட்ட வட்டமாக அழுத்தமானிகள், பிடித்துத் திருப்பச் சக்கரம் வைத்த வால்வுகள், ஆணி அடித்த செம்புக் கொதிகலன், கம்பிக் கூண்டுக்குள் மஞ்சள் பல்பு. நடுவில் நாலு காலில் நின்றது வார்ப்பிரும்புத் தொட்டி. இத்தனையையும் விட்டுவிட்டு அவள் கண்ணாடியில் தன் கழுத்தையும் தாலிச் சங்கிலியையும் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் தெரிய வேண்டுமானால் குனிய வேண்டியிருந்தது.

"காஜா பாய் அளவைத் தப்பா எடுத்துட்டார் போலிருக்கே," என்றாள்.

"இல்லையே. நான்தான் அளந்து குடுத்தேன். சரியாத்தான் இருக்கு," என்றான் அருண்ராஜ். அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வால்வின் சக்கரத்தைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

சரிதாவுக்கு முப்பத்தாறு வயதில் நடந்த கல்யாணம் இது. அவனுக்கு இது இரண்டாவது. திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை, மாடம்பாக்கத்தில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அப்பா கட்டிய வீடு. பெண் பார்த்த அன்றே, தாம்பரத்து ஓட்டலில் காபி ஆறிப் போகும் வரை உட்கார்ந்து, எல்லாவற்றையும் நேராகச் சொல்லிவிட்டான். முதல் மனைவி ரமா 2003-ல் எவனோடோ பம்பாய்க்குப் போய்விட்டாள், கோர்ட்டில் விவாகரத்தும் ஆகிவிட்டது என்று. ஒளிக்காமல் சொன்னானே என்பதுதான் சரிதாவுக்கு அவனிடம் முதலில் பிடித்தது. பாவம், அவளும் இத்தனை வயதுக்கு ஒரு உண்மையான மனிதனைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

வந்து ஒரு வருஷம் ஆகியும் அவள் அந்த வீட்டில் விருந்தாளியாகத்தான் இருந்தாள். சமையலறை அலமாரி ரமா அடுக்கியது. திரைச்சீலை ரமா எடுத்தது. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் எந்தக் கிண்ணத்தில் என்பதுகூட ரமா வைத்த வழக்கம், மாற்றினால் அருண்ராஜின் முகம் சுண்டிப் போகும். அதனால்தான் அவன் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில், "பாத்ரூமை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டப் போறேன். உனக்காகத்தான்," என்றபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் ரமாவின் கை படாத ஒரு அறை. அதை வைத்து மீதி வீட்டையும் மெல்ல மெல்லத் தன்னுடையதாக்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் பார்த்தானாம். விக்டோரியா மகாராணி காலத்துப் பாணி, அதோடு நீராவி இயந்திரம் மாதிரி குழாயும் மீட்டரும், ஸ்டீம்பங்க் என்று பெயர். பிளம்பர் காஜா பாய் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், குளிக்கறதுக்கா, இல்ல இத்தை ஓட்டிகினு செங்கல்பட்டு போறதுக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு மூவரும் சிரித்தார்கள். மூன்று மாதம் தட்டலும் அறுத்தலும், பற்றவைக்கும் புகையுமாகப் போயிற்று.

தொட்டியில் உட்கார்ந்து பார்த்தபோது முழங்கால் இடித்தது. நெடுநெடுவென்று வளர்ந்தவள் அவள், காலை மடக்காமல் அதில் உட்கார முடியவில்லை. இதையும் அவன்தான் அளந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு, மனதுக்குள் எழுந்த ஒரு சின்ன உறுத்தலை அவளே அதட்டி உட்கார வைத்தாள்.

தொட்டிக்குத் தலைமாட்டில் சுவரிலிருந்து ஒரு பித்தளைக் குழாய் நீண்டு, ஊமத்தம்பூ விரிந்த மாதிரி ஒரு வாயில் முடிந்தது. பழைய கப்பல்களில் கேப்டன் மேல்தளத்திலிருந்து இன்ஜின் அறைக்குப் பேசுவதற்கு வைத்திருப்பார்களாம், இங்கே சும்மா அழகுக்கு என்றான் அருண்ராஜ். அதற்குப் பக்கத்தில் இருந்த அழுத்தமானியின் முள் அசைந்துகொண்டிருந்தது. மெல்ல ஏறும், ஒரு நொடி நிற்கும், மெல்ல இறங்கும். குழாய்களுக்கு இன்னும் தண்ணீர் இணைப்பே கொடுக்கவில்லை. சரிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மார்பும் அதே கதியில் ஏறி இறங்குவதை உணர்ந்ததும் மூச்சை அடக்கிப் பார்த்தாள். முள் நிற்கவில்லை. பித்தளை வாயிலிருந்து ஈர மண்ணும் அழுகிய வேப்பிலையுமாக ஒரு குளிர்ந்த வாடை வந்து அவள் கழுத்தில் பட்டது.

மறுநாள் தண்ணீர் இணைப்புக் கொடுக்க வந்த காஜா பாயிடம் கேட்டாள். அவர் குழாய் முடுக்கியைக் கீழே வைத்தார்.

"அது ஒண்ணியும் இல்லம்மா. கெணத்துக் காத்து."

"எந்தக் கிணறு?"

"இன்னாம்மா தெரியாத மாரி கேக்கறே? பின்னாடி தோய்க்கற கல்லு கீதே, அதுக்கு அடியில. சார் மூடி அஞ்சு வருசம் ஆவுது. கெணத்தை மூடினா அது மூச்சு வுட ஒரு பைப்பு நடணும் இல்ல, அத்த நட்டதே நான்தான். அதோட வாய் வானத்தைப் பாத்துகினு இருக்கணும்மா. வூட்டுக்குள்ள இஸ்துகினு வரக் கூடாது. எங்காளுங்க, உங்காளுங்க, யாரும் செய்ய மாட்டாங்க. வேணாம் சார்னு தலபாடா அடிச்சிகினேன். கேக்கல. அத்த இந்தக் குழாயோட சேத்துடுன்னாரு."

"கிணத்தை ஏன் மூடினாங்க?"

"தண்ணி வத்திப்போச்சுன்னாரு. பஞ்சம் வந்துச்சே, அந்த வருசம்." அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலை இறக்கினார். "நான் கல்லு போட்டுப் பாத்தேம்மா. தண்ணி இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு."

அவர் இணைப்பை முடித்துக் கொடுத்து, டீகூட வேண்டாமென்று பையைத் தூக்கிக்கொண்டு போனார். சாயந்திரம் சரிதா போன் செய்தபோது எடுக்கவில்லை. அருண்ராஜிடம் கேட்டதற்கு, "அது ஒரு பாழுங்கிணறு. இதையெல்லாம் சொல்லணும்னு தோணலை," என்று சொல்லிவிட்டு ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை, பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் குளியலறையில் அவன் பேசுவதைக் கேட்டாள். போனில் பேசும் குரல் இல்லை. தன்னிடம் அவன் ஒருநாளும் பேசாத குரல். குழைந்து, கெஞ்சி, நடு நடுவே சிரித்து. அடுப்பை அணைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றாள்.

"எல்லாம் நீ கேட்ட மாதிரிதான். தொட்டி உன் அளவு, கண்ணாடி உன் உயரம். இன்னும் ரெண்டே நாள், ரமா. ஞாயித்துக்கிழமை நான் வெளியே போயிடறேன். அவ நல்லவதான். சொன்னாக் கேப்பா."

பிறகு அமைதி. எதிர்ப்பக்கம் பேசுவதைக் கேட்கிற மனிதனின் அமைதி. பிறகு அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

அவன் பட்டறைக்குப் போனதும் சரிதா அவனுடைய அலமாரியைக் குடைந்தாள். அந்தப் பத்திரிகை கிடைத்தது. குளியலறைப் படத்தின் ஓரங்களில் பென்சிலால் குண்டு குண்டான பெண் கையெழுத்து. தொட்டியின் நீளம், கண்ணாடியின் உயரம், கடைசியில் அடிக்கோடிட்டு, 'நம்ம வீட்டுக்கு இதுதான்.' பத்திரிகை வந்த மாதம் மே, 2003.

அப்போதுதான் அவளுக்கு வயிறு எரிந்தது. பயத்தைவிட அந்த எரிச்சல்தான் பெரிதாக இருந்தது. உனக்காகத்தான் என்றானே. ஓட்டலில் உட்கார்ந்து கண்ணைப் பார்த்து உண்மை பேசினானே. அத்தனையும் நடிப்பு. மூன்று மாதம் சிமென்ட் தூசியைத் தின்றுகொண்டு, வேலையாட்களுக்கு டீ போட்டுக்கொண்டு, இன்னொருத்தியின் அறைக்குக் காவல் காத்திருக்கிறாள். அந்த இன்னொருத்தி பம்பாய்க்குப் போகவில்லை. எங்கேயுமே போகவில்லை. தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்று சீக்கிரமே திரும்பிய அருண்ராஜ் சனிக்கிழமை முழுக்க வீட்டைவிட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் படப்பைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். பைக் சத்தம் தெருமுனையில் தேயும்வரை காத்திருந்து, கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கதவு வெளியே பூட்டியிருந்தது. பின்கட்டுக் கதவும் பூட்டியிருந்தது. அவளுடைய போனையும் அவன் எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஜன்னலில் நின்று கத்திப் பார்த்தாள். கரண்ட் போன நேரம், தெருவே கதவைச் சாத்திக்கொண்டு எங்கோ ஜெனரேட்டர் ஓடும் இரைச்சலில் தூங்கிக்கொண்டிருந்தது. விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போயிற்று. அவள் குரல் அதிலேயே கரைந்தது.

"சரிதா."

குளியலறையிலிருந்து வந்தது. பெண் குரல். தாழ்வாக, மூச்சு வாங்க.

"சரிதா. கதவைப் பூட்டிட்டாரா? என்னையும் அப்படித்தான் பூட்டினார்."

போகக் கூடாது என்று தெரிந்தும் போனாள். வென்டிலேட்டரின் வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் சிவப்பும் பச்சையுமாகத் தொட்டியின் மேல் விழுந்திருந்தது. எல்லா அழுத்தமானிகளும் ஒரே நேரத்தில் ஏறின, ஒரே நேரத்தில் இறங்கின.

"ரமாவா?"

"நான் எங்கேயும் போகலை சரிதா. என்னைக் கிணத்துல தள்ளிட்டு ஊருக்கெல்லாம் ஒரு கதை சொல்லிட்டார். உன்கிட்டயும் அதைத்தானே சொன்னார்?"

ஒரே ஆளிடம் ஏமாந்த இரண்டு பேர். இந்த ஒரு வருஷத்தில் இந்த வீட்டில் அவளிடம் உண்மை பேசிய முதல் குரல் இது என்று அவளுக்குத் தோன்றியது. வெறுத்து வெறுத்துப் பார்த்த அந்த ரமாவுக்காக அவள் மனம் உருகிற்று.

"நான் என்ன செய்யணும்?"

"மூச்சு முட்டுது. பெரிய வால்வைத் திற. நான் வந்துடறேன். அவர் வர்றதுக்குள்ள ரெண்டு பேருமாப் போயிடலாம். எனக்கு வழி தெரியும்."

தொட்டிக்குள் இறங்கி நின்றால்தான் பெரிய சக்கரம் எட்டியது. இறங்கினாள். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். முதலில் அசையவில்லை. பிறகு தானாகவே சுற்ற ஆரம்பித்தது.

பித்தளை வாய் ஒருமுறை கமறியது. கறுப்பாகத் தண்ணீர் வந்தது. குளிர்ந்த, வழவழத்த தண்ணீர். கணுக்கால். முழங்கால். வேப்பிலைகள் மிதந்தன. நீளமான தலைமயிர் ஒரு கற்றை வந்து அவள் காலில் சுற்றியது.

"ரமா, போதும்."

தண்ணீர் நிற்கவில்லை.

இடுப்பு. ஏற முயன்றாள். கை வழுக்கியது. தொட்டியின் விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் பாசி பிடித்த கிணற்று உறை விரலில் பட்டது. கால் தரையைத் தேடியது.

தரை இல்லை.

ஒரு கை அவள் தோளைப் பிடித்தது. தள்ளவில்லை. ஏணிப்படியில் கை வைப்பதுபோல் வைத்தது. இன்னொரு கை தலையில். ஒரு பாதம் அவள் தோளில். அவள் மேல் ஏறி ஒருத்தி போனாள். போகிற போக்கில் காதருகே, மூச்சு வாங்கியபடி, "நீ நல்லவதான்னு சொன்னார்," என்றாள்.

வெளிச்சம் சிறுத்தது. போயிற்று.

இருட்டு. முகவாய்வரை தண்ணீர். சுற்றிலும் சுவர். தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் மண்ணும் கல்லும். கத்தினாள். சத்தம் அவளிடமே திரும்பி வந்தது.

மேலே, குழாயின் மறுமுனையில், யாரோ தொட்டியிலிருந்து எழுந்தார்கள். தண்ணீர் சொட்டும் ஓசை. துண்டு உதறும் ஓசை. வாசல் பூட்டு திறந்தது. அருண்ராஜ் அழுதான். சந்தோஷமாக அழுதான். பிறகு போன் மணி அடித்தது.

"ஹலோ? அம்மாவா?"

சரிதா மூச்சை அடக்கிக் கேட்டாள். அது அவளுடைய குரல். சொல்லுக்குச் சொல், இழுப்புக்கு இழுப்பு, அவளே.

"ஆமாம்மா, சரிதாதான். குளிச்சுட்டு வந்தேன், அதான் லேட். சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? இல்லைம்மா, நல்லா இருக்கேன். நிஜமா. இந்த வீட்டுல இப்பத்தான் எல்லாம் சரியா இருக்கு."

"அம்மா!" என்று சரிதா கத்தினாள். நகம் பிய்யச் சுவரைப் பிறாண்டினாள். "அம்மா! அது நான் இல்லைம்மா! அம்மா!"

மேலே பேச்சு ஒரு கணம் நின்றது.

"ஒண்ணுமில்லைம்மா," என்றது அவள் குரல். "புதுக் குழாய். கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் சத்தம் போடுமாம்."