கூரையை வெட்டிய நெட்டையன்

பாலைவன ஓரத்து ஊரான சான் பெர்னார்டினோவில் ஒரு வருடத்துக்குப் பெய்யவேண்டிய மழை, 1951 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெல்டா பஸ்ஸுக்காக நின்ற அரைமணி நேரத்தில் மொத்தமாகப் பெய்து தீர்த்தது. அந்த மழையைக் கிழித்துக்கொண்டு ஒரு கார் வந்தது... அதைக் கார் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். முப்பத்திரண்டாம் வருடத்து ஃபோர்டு. மட்கார்டு இல்லை, பானெட் இல்லை. பந்தயத்துக்காகக் கூரையை வெட்டித் தாழ்த்தி ஒட்டியதில் முன்கண்ணாடி, தபால் பெட்டியின் வாய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. எட்டு சிலிண்டர் என்ஜின் வெட்டவெளியில் உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்தது.

வெல்டாவின் மஞ்சள் கவுனில் ஒரு வாளிச் சேற்றை இறைத்துவிட்டு, இருமி, விக்கி, அவள் எதிரிலேயே நின்றுபோனது.

கதவு திறந்தது. ஒரு கால் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது... ஆறேகால் அடி ஆள் தவணை முறையில் வெளியே வந்து முடிப்பதற்குள் அவள் கோபம் பாதி ஆறிவிட்டது. மீதியை அந்தச் சாம்பல் நிறக் கண்கள் பார்த்துக்கொண்டன. மழை கழுவிய கூழாங்கற்கள் மாதிரி... சே, சேற்றை அடித்தவனைப் போய் என்ன வர்ணனை.

"மன்னிச்சுக்கங்க. பிரேக் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ரோடு தெரியல."

"எப்படித் தெரியும்? எத்தனை அங்குலம் வெட்டினீங்க?"

"அஞ்சு. நாலுதான் வெட்டறதா இருந்தது... பார்க்க அழகா வந்துச்சா, கை நிக்கல."

"கழுத்துலயும் அஞ்சு எடுத்திருந்தா பொருத்தமா இருந்திருக்கும்."

அவன் காது சிவந்தது. வெல்டா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, என்ஜின் முன்னால் இருந்த, தீப்பொறிக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றச் சொல்லி, ஈரத்தைத் துடைத்துக் கொடுத்தாள்.

"உங்களுக்கு எப்படி இதெல்லாம்..."

"நாலாவது தெருவுல கார் சீட் தைக்கிற கடையில இருக்கேன். உங்க சீட்டைப் பார்த்தேன். ஆப்பிள் பெட்டி மேல கம்பளி. அதைத் தூக்கிப் போட்டுட்டு மெல்லிசா ஒண்ணு தைச்சா தலை நிமிரும்."

"ரெண்டு வருஷமா நான் ஒருத்தனே கட்டின வண்டிங்க இது. தையல் கடை யோசனை கேட்டுக் கட்டல."

என்ஜின் உறுமியது. போய்விட்டான். பேர்கூடச் சொல்லவில்லை. 'போகட்டும்' என்று நினைத்தவள், அடுத்த மூன்று வாரமும் தெருவில் எந்த வண்டி உறுமினாலும் ஊசியை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். காற்றுக்காகத்தான்...

நான்காவது வாரம், கையில் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றான்.

"என் பேரு லைல்."

"நான் வெல்டா. தையல் கடைக்கா வந்திருக்கீங்க, மிஸ்டர் லைல்? வழி தவறிட்டீங்களோ?"

"அன்னிக்குப் பேசினது தப்பு." ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எல் மிராஜ் வறண்ட ஏரியில பந்தயத்துக்கு ஓட்டப் போனேன். ஹெல்மெட் போட்டுட்டு உட்காருன்னாங்க. நான் வெறுந்தலையிலதான் அளவெடுத்திருந்தேன். கழுத்து சுளுக்கின கொக்கு மாதிரி உட்கார்ந்தேன். கீழ இறங்குன்னுட்டாங்க."

வெல்டா சிரிக்கக் கூடாது என்று நூல்கண்டைக் கடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை கடைசி ஓட்டம். அப்புறம் மழைக்கு ஏரி சேறாயிடும், அடுத்த ஓட்டம் மே மாசம்தான். மே மாசம் நான் எங்க இருப்பேனோ... பட்டாளத்துல கூப்பிட்டாச்சு. செவ்வாய்க்கிழமை ரயில்."

அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

ஆப்பிள் பெட்டியைத் தூக்கிப் போட்டாள். ஹெல்மெட்டோடு அவனை வெறும் தகரத்தில் உட்காரவைத்து, பக்கத்தில் மண்டியிட்டு அளவு நாடா பிடித்தாள். ஹெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவே மூன்று விரல் நுழைந்தது. ஒரு விரலைச் சந்துக்கு விட்டு, மெத்தைக்கு இரண்டு விரல் கனம்... அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். "சிவப்புத் தோல் இருக்கா?" என்றான். அவ்வளவுதான். 'இவனுக்கு வேண்டியது சீட்டு, நான் இல்லை...' நானாகச் சொல்லமாட்டேன் என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை, லைலின் நண்பன் மெர்வின் உதிரி டயர் ஏற்றிய டிரக்கில் அவளையும் ஏற்றிக்கொண்டான். எல் மிராஜில் கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த களிமண். கொடி அசைந்ததும், அவள் தைத்துக் கொடுத்த சிவப்புச் சீட்டில் லைல் உட்கார்ந்திருந்த அந்த ஃபோர்டு, பாலைவனத்தில் பாதியைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு பறந்தது. ஒலிபெருக்கி சொன்னது: மணிக்கு நூற்று இருபத்தொன்று புள்ளி ஆறு மைல்.

புழுதி அடங்கியதும் திரும்பி வந்து, புழுதிக்காகக் கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றினான். முகமெல்லாம் மண், கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வெள்ளை வட்டம்.

"ஊருக்கு... என்கூட இதுலயே வர்றீங்களா?"

"எதுல உட்கார? பக்கத்துல வெறும் தகரம்தானே."

அவன் முகம் தொங்கிவிட்டது. வெல்டா கொஞ்ச நேரம் அதை ரசித்தாள். பிறகு டிரக்கின் தார்ப்பாயை விலக்கி, அதே சிவப்புத் தோலில் இன்னொரு சீட்டை இழுத்து வைத்தாள்.

"இது எப்போ தைச்சீங்க?"

"உங்களுக்கு அளவெடுத்த அன்னிக்கே. என் அளவுதான் எனக்குத் தெரியுமே."

லைல் சீட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"வெல்டா... நூத்தியிருபதுல வராத பயம் இப்போ வருது. அன்னிக்கு நீ நாடாவைப் பிடிச்சப்பவே சொல்லியிருக்கணும்... தோலைப் பத்திக் கேட்டுத் தொலைச்சுட்டேன். உன்னை எனக்குப் புடிச்சிருக்கு. ரொம்ப. ஆனா நான் போனா ரெண்டு வருஷம்... நீ காத்திருப்பியா?"

"ரெட்டைத் தையல் போட்டிருக்கேன். சீட்டு பத்து வருஷம் தாங்கும்." அவள் அவன் கன்னத்து மண்ணைக் கட்டை விரலால் துடைத்தாள். "நான் அதைவிடக் கொஞ்சம் கெட்டி, லைல்."