பின்னாடி நிக்கிறது யாரு?

அந்த வார்த்தை காலையிலிருந்து ஏழாவது தடவையாக வந்தது. பின்னாடி.

“வீடியோ தெளிவா வருது. ஆனா பாக்குறவங்க எல்லாரும் பின்னாடி நிக்கிறது யாருன்னு கேக்குறாங்க. வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்.”

வீடியோ பகிரும் புதுச் செயலி ஒன்றைப் பற்றி ஜனங்கள் எழுதுவதையெல்லாம் படித்து, பாராட்டு, புகார், குப்பை என்று மூன்றாகப் பிரிப்பதுதான் அவளுடைய வேலை. குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்து அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டியதெல்லாம், ஒரு நாளைக்கு எண்ணூறு பேர் எழுதும் ‘சூப்பர்’, ‘மொக்கை’, ‘பேட்டரி தின்னுது’ இவற்றைப் படிக்கத்தான். ஜன்னல் இல்லாத அறை. தரைவிரிப்பிலிருந்து எப்போதும் ஈரச் சாக்கின் வாடை. உள்ளே நுழையும்போதே போனைப் பிடுங்கி வாசலில் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், திருடர்களை உள்ளே விடுவதுபோல.

பக்கத்து நாற்காலிக்காரி வாய் மூடாதவள். அதனால் ரேடியோ.

“ரேடியோ, உனக்கும் இந்தப் பின்னாடி புகார் வருதா?”

“வருதே. அவங்களுக்காவது பின்னாடி. எனக்கு முன்னாடியே ஒண்ணு நிக்குது பாரு, அதை யார்கிட்டடி புகார் பண்றது?”

முன்னால் நின்றவர் டீம் லீடர். கழிவறைக்குப் போனால்கூட நிமிடம் பார்ப்பவர் என்பதால் எல்லாருக்கும் அவர் ஸ்டாப்வாட்ச். அவள் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஒரே விஷயத்தை நாலு பேர் எழுதினா அது கூலிக்கு எழுதுறதும்மா. போட்டிக் கம்பெனி வேலை. தேடி எடுத்து மொத்தமா குப்பையில தள்ளு. ஒவ்வொண்ணா உக்காந்து படிச்சா எண்ணூறு எப்ப முடியும்?”

‘பின்னாடி’ என்று தேடினாள். இருநூற்றுப் பன்னிரண்டு வந்தன. ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள், குப்பை, ஒரு சொடுக்கு. மணி பத்து ஐம்பத்தைந்து. கணக்கு ஒரே தாவாகத் தாவியதில், உள்ளதைச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு மணிக்குப் பாராட்டுகள் வரத் தொடங்கின.

“ரொம்ப நல்ல ஆப். ஒரு குறையும் இல்லை. எல்லாரும் போட்டுக்கோங்க.” ஐந்து நட்சத்திரம். எழுதியிருந்தது காலையில் முதல் ஆளாகப் புகார் எழுதிய, துணி மடிக்கிற வீடியோ போடும் அம்மா. கீழே அதே வரி, வேறு ஆள். அதற்கும் கீழே அதே வரி. இருபது. முப்பது. பாதிப் பெயர்கள் காலையில் குப்பையில் தள்ளிய பட்டியலில் கண்ணில் பட்டவை.

அந்த அம்மாவின் பக்கத்தைத் திறந்தாள். நேற்றைய வீடியோவில் அந்த அம்மா தரையில் உட்கார்ந்து ஒரு சட்டையின் கைகளை உள்ளே மடித்துக்கொண்டிருக்க, எங்கோ ஒரு பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்க, பின்னால் அறைக் கதவின் இருட்டில் சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்கியது. பிழியாமல் உலரப் போட்ட ஈரத் துணி மாதிரி, ஆள் உயரத்துக்கு. துணி என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடைசி நொடியில் அது தலையைச் சாய்த்தது.

இன்றைய வீடியோ. அதே இடம், அதே பிரிட்ஜ் சத்தம். அந்த அம்மா துணியைப் பார்க்கவே இல்லை. நேராக இவளைப் பார்த்துச் சிரித்தாள். கை மட்டும் மடித்துக்கொண்டே இருந்தது. கதவின் இருட்டில் இப்போது சாம்பல் நிறம் இல்லை. அங்கே நின்றதும் அந்த அம்மாதான். தோளில் கிழிந்த அதே ரவிக்கை, அதே நெற்றித் தழும்பு. வாய் திறந்து திறந்து மூடியது. உள்ளங்கைகள் கண்ணாடியைத் தட்டுவதுபோல் காற்றைத் தட்டின.

அந்தக் குரல் மட்டும் வரவே இல்லை.

“என்னம்மா, படம் ஓடுதா?” ஸ்டாப்வாட்ச்.

அவள் குப்பையைத் திறந்தாள். காலையில் தள்ளிய இருநூற்றுப் பன்னிரண்டையும் இப்போது ஒவ்வொன்றாகப் படித்தாள். நூற்றுத் தொண்ணூறாவது, அவளுக்கே எழுதியது.

“இது எங்க வீட்டு கலெக்டரம்மாவுக்கு. போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். பெட்டியில பூட்டி வச்சிருப்பாங்க, தெரியும். இங்க எழுதினா நீதானே படிப்ப. பின்னாடி ஒண்ணு நிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. திரும்பிப் பாத்தா இல்ல, போன்ல பாத்தா இருக்கு. மொதல்ல கதவுகிட்ட இருந்துச்சு, இப்ப கட்டில்கிட்ட. வெளிய போகணும்னா அதைத் தாண்டித்தான் போகணும். பாதிப் பின்னலோட உக்காந்திருக்கேன். சத்தியமா விளையாடல. சீக்கிரம் வாடி.”

அனுப்பிய நேரம் பத்து ஐம்பத்திரண்டு.

எழுதியது அவள் தங்கை. தலை பின்னுவது தங்கைக்குக் கைவந்த கலை. தன் தலையையே விதவிதமாகப் பின்னி அதே செயலியில் வீடியோ போடுவாள். அம்மா ஆஸ்பத்திரி சலவைக் கூடத்திலிருந்து திரும்ப ஆறு மணியாகும். அதுவரை வீட்டில் அவள் தனி.

“உக்காரும்மா! இப்பப் போனா திரும்பி வராத!” என்று ஸ்டாப்வாட்ச் கத்தியது கேட்டது. “அட போய்யா” என்று அவள் சொன்னதும் அவளுக்கே கேட்டது.

வாசல் பெட்டியிலிருந்து எடுத்த போனில் பதினொரு தவறிய அழைப்புகள். ஓடிக்கொண்டே அழைத்தாள். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

“ஏய், எங்கடி இருக்க? வெளிய வா. செருப்புகூட வேணாம், வெளிய வா.”

“வீட்லதான் இருக்கேன் அக்கா. நீங்க வாங்க.”

பேருந்துக்குள் ஏறிய கால் ஒரு கணம் படியிலேயே நின்றது. பேசத் தெரிந்த நாளிலிருந்து அந்த வாய் அவளை ‘நீங்க’ என்று சொன்னதில்லை. எருமை, பன்னி, பட்டம் வாங்கிய பிறகு கிண்டலாகக் கலெக்டரம்மா. அக்கா என்று கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம்.

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒருவர் பைக் கழுவிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் பக்கத்து வீட்டு டிவி சத்தம். எல்லாம் அப்படியே இருந்தது.

கதவு திறந்திருந்தது.

தங்கை தரையில் உட்கார்ந்திருந்தாள், வாசலுக்கு முதுகைக் காட்டியபடி. எதிரே ஸ்டாண்டில் போன். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பின்னல் முடிந்திருந்தது. ஒரு மயிர் பிசிறு இல்லை. எண்ணெய் வாசனை இருந்தது. அதற்கு அடியில், பல நாள் உலராத துணியின் நெடி.

“வந்துட்டீங்களா அக்கா.” தலை திரும்பவில்லை.

“போனை அணை.”

“எல்லாரும் பாக்குறாங்க. வணக்கம் சொல்லுங்க.”

நாலு எட்டு வைத்தால் போன். இரண்டு வைத்தாள். அங்கிருந்தே திரை தெரிந்தது.

திரையின் முன்னால் தங்கை, சிரித்தபடி. பின்னால் இவள். இவளுக்குப் பக்கத்தில், இவளுடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இன்னொரு தங்கை. தலையின் ஒரு பக்கம் பின்னியிருந்தது. மறுபக்கம் விரித்துக் கிடந்தது. முகம் அழுது வீங்கியிருந்தது. வாய் ஒரே சொல்லை மறுபடி மறுபடி சொன்னது.

தன் கையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிடியின் சூடுகூட இல்லை.

“ஏய்... நான்தான்டி... வந்துட்டேன்.” காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

திரையில் ஹார்ட்டுகள் குமிழ்குமிழாக மேலே ஏறின. ஜனங்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ‘செம எடிட்டிங்.’ ‘டபுள் ஆக்டா?’ ‘அழற பொண்ணு சூப்பரா நடிக்குது.’ ‘எப்படிங்க பண்றீங்க, சொல்லிக்கொடுங்க.’

திரைக்குள் பாதிப் பின்னல்காரி கையை இழுப்பதை நிறுத்தினாள். இவள் முகத்தை அவள் பார்க்கவில்லை. இவளுடைய தோளுக்கு மேலே பார்த்தாள். பார்த்தபடியே, மெல்ல, கையை விட்டுவிட்டுப் பின்வாங்கினாள்.

கழுத்துக்குப் பின்னால் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. ஜில்லென்று.

திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. அதன் கீழே அதே வரி. அதற்கும் கீழே அதே வரி. திரை நிறைய.

‘அக்கா பின்னாடி நிக்கிறது யாரு?’