மன்சூர் அலி கடைக்கு விழுந்த பூட்டு

1965 ஜூன், செவ்வாய்க்கிழமை, மதியம் 2.20. தாராவியில் மன்சூர் அலியின் மளிகைக்கடைக்குப் பூட்டு விழுந்தது. பூட்டியவர் கடைக்காரர் இல்லை. தோல் பட்டறைத் தொழிலாளி தளவாய் தன் வீட்டுப் பூட்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எம்புள்ள பொழச்சு வந்துட்டான், சரி. அவனுக்கு விஷத்த வித்தவன் இங்க கடை வைக்கப்படாது!"

தளவாயின் நான்கு மாத மகன் வாந்தியும் பேதியுமாக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, முந்தின நாள்தான் சிரித்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தான். பாலில் கிருமி என்றார் டாக்டர். பால்மாவு டின் மன்சூர் அலி கடையில் வாங்கியது. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது!

மன்சூர் அலி முனிசிபாலிட்டி நர்ஸ் லூர்தம்மாளிடம் ஓடினார். "பதினாறு வருஷக் கடைம்மா. நாளைக்கு எங்கிட்ட யாரு உப்பு வாங்குவா?" அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழாதீங்க பாய். நாலு மணிக்குள்ள தொறக்க வைக்கேன்."

2.45. லூர்தம்மாள் முதலில் போனது தளவாயின் பக்கத்து வீட்டுக்கு. அங்கே முப்பிடாதியம்மாளின் கைக்குழந்தை மகள் நர்ஸின் குடைப்பிடியை ஆனந்தமாகச் சப்பினாள்.

"இவளுக்கு என்ன பால்?"

"அதே டின்னுதான். வெல கூடன்னு நானும் தளவாய் பொண்டாட்டி சண்முகவடிவும் பாதிப்பாதி பிரிச்சிக்கிட்டோம். இவளுக்கு ஒரு தும்மல்கூட இல்ல."

"எப்பக் கரைப்ப?"

"அழுதா கரைப்பேன். அதுக்குன்னு ஒரு நேரமா?"

3.00. தளவாயின் ஒற்றை அறை கொள்ளாத கூட்டம். பிள்ளை திரும்பி வந்ததற்கு லட்டு. சாமி படத்துக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டு வைத்த பச்சை ஃபிளாஸ்க். இரண்டு வாரத்துக்கு முன் மாஹிமில் வாங்கியது. அந்தத் தெருவுக்கே முதல் ஃபிளாஸ்க். தளவாய் அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது புது டின்னு, நர்ஸம்மா. எங்க வீட்டுக்காரவ மாட்டுங்கா போயி வாங்கியாந்தாவ" என்றாள் அவர் மனைவி சண்முகவடிவு.

"தண்ணி?"

"காலைல அஞ்சு மணிக்குக் குழாயில வரும். அப்பமே கொதிக்க வச்சிருவேன்."

"பால் புகட்டுற பாலாடை?"

"வெந்நியில போட்டு எடுத்தது."

எல்லாம் சுத்தம். லூர்தம்மாள் போகிறபோக்கில் ஸ்டவ்வைத் தொட்டுப் பார்த்தார்.

3.10. பிள்ளை வீறிட்டான். கண்மூடித் திறப்பதற்குள் பாலாடை அவன் உதட்டுக்குப் போய்விட்டது. லூர்தம்மாள் பாய்ந்து தடுத்து, பாலில் விரலை விட்டார்.

"நிறுத்து! குற்றவாளி இந்த அறையிலதான் இருக்கான். பொட்டு வச்சிக்கிட்டு இருக்கான்!"

அத்தனை பேர் கையும் நெற்றிக்குப் போனது.

"ஸ்டவ் சில்லுன்னு கெடக்கு. பால் மட்டும் வெதுவெதுன்னு இருக்கு. எங்கேருந்து வந்துச்சு சூடு?" அவர் ஃபிளாஸ்க்கைக் கையில் எடுத்தார். "இவன்தான்!"

சண்முகவடிவு திகைத்தாள். "காலைலயே நாள் முழுக்கக் கரைச்சு ஊத்திருவேன். சூடாத்தான இருக்கு, கெடுமா?"

"அந்த எளஞ்சூடுதான் கிருமிக்குக் கொண்டாட்டம். எந்த டின்லயும் துளி கிருமி இருக்கலாம். பத்து மணி நேரம் இதுக்குள்ள கெடந்தா கோடியாப் பெருகிரும். பக்கத்து வீட்டுப் புள்ளைக்கும் அதே மாவு. ஆனா அப்பப்பக் கரைச்ச பால், அதான் தப்பிச்சா. தண்ணி கொதிச்ச சூட்டோட கரைக்கணும், ஆத்தி ஒடனே குடுக்கணும், மிச்சத்தக் கொட்டிரணும். சரி, ஃபிளாஸ்க் யார் யோசனை?"

தளவாய் லட்டைக் கீழே வைத்தார். "நாந்தான். இவ ஒவ்வொரு தடவயும் ஸ்டவ் பத்த வச்சு இடுப்பொடியுதாளேன்னு…" மகனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

3.50. பூட்டு திறந்தது. பத்து நிமிஷம் மிச்சம்!

"பாய், என்னைய மன்னிச்சிரும். புள்ளைக்குக் கேடு செஞ்சது நான், பூட்டு ஒம்ம கடைக்கு."

"மன்னிச்சாச்சு. ஆனா அபராதம் உண்டு. அந்த ஃபிளாஸ்க்ல தெனம் எனக்கு டீ வரணும்."

மறுநாள் காலை தளவாய் டீயோடு வந்து நின்றார். மன்சூர் அலி மூடியைத் திறந்தார், முகர்ந்தார், புருவத்தைத் தூக்கினார்.

"போட்டு எத்தன மணி நேரம் ஆச்சு, தளவாய்?"

உப்பு வாங்க நின்ற கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.