செத்துப்போன இடது கை

ஜெகனின் கழுத்து, திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது!

கரையான்சாவடி பங்களா. மாடி அறை. கண்கள் திறந்தபடி... நாக்கு பற்களுக்கிடையே கடிபட்டு...

அது நேற்று.

"ரெண்டு கையாலயும் புடிச்சு முறுக்கியிருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர் எழிலரசி, இன்று அதே பங்களா வாசலில் நின்றபடி. "வீட்ல இருந்தது அவனோட பிசினஸ் பார்ட்னர், கட்சித் தலைவர் உத்தமன் மட்டும்தான். அவருக்கு இடது பக்கம் பக்கவாதமாம்."

"யாரு சொன்னது மேடம்?" என்றாள் பிசியோதெரபிஸ்ட் ஷர்மிளா.

"அவரேதான்! டெஸ்ட் பண்ண எந்த டாக்டருக்கும் தைரியம் இல்ல. நீ போய்ப் பாரு. நான் ஹால்ல இருக்கேன்."

உத்தமன் கட்டிலில் சாய்ந்திருந்தார். தலைக்கு மேல், 'மாமனிதர்' உட்பட, தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட ஏழு பட்டங்கள்... ஃப்ரேம் போட்டு!

"இன்னாம்மா, நீதான் புது டாக்டரா? நம்ம லெஃப்ட் சைடு மொத்தமா அவுட்டு. கட்ட மாரி கீது."

"பாத்துடலாம் சார்."

இடது முன்கையின் மேற்புறத்தில் கரண்ட் மெஷினின் பேடுகளை ஒட்டினாள். "மூடிக்கிட்ட விரலை இது விரிச்சு விடும்."

"விரியாதும்மா. செத்துப்போன கை."

"அது அப்புறம். மொதல்ல கால்." இடது குதிகாலுக்கு அடியில் தன் உள்ளங்கையை நுழைத்தாள். "அழுத்துங்க."

அசைவே இல்லை.

"சரி, வலது காலைத் தூக்குங்க."

"அது சிங்கம்மா! பாத்துக்கோ!"

"அவ்ளோதானா சார்? இன்னும் மேல!"

மாமனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. வலது காலை விறைப்பாக உயர்த்தினார்...

செத்துப்போன இடது குதிகால், அவள் உள்ளங்கையை மெத்தையோடு நசுக்கியது!

ஒரு காலைத் தூக்கினால் மறுகால் தானாகவே ஊன்றும். நிஜமாகச் செயலிழந்த கால் ஊன்றாது!

ஷர்மிளாவின் முகம் மாறியது. உத்தமன் அதைப் பார்த்துவிட்டார்.

"கண்டுபுடிச்சுகினியா?"

வலது கை அவள் வாயைப் பொத்தியது. இடது கை தொண்டையைக் கவ்வியது! பின்மண்டை சுவரில் மோதியது. மறுபடியும்... மறுபடியும்... சுவரில் ரத்தம்!

"நில மோசடி கேஸ்ல ஜெயிலுக்குப் போவக்கூடாதுன்னு படுத்தேன். நான் எழுந்து நடந்தத ஜெகன் பாத்துட்டான். போய்ச் சேந்தான். இப்ப நீ!"

கண்கள் இருட்டின. அவள் விரல்கள் மெஷினைத் துழாவின... குமிழ் அகப்பட்டது... முழுசாகத் திருகினாள்!

"ஐயோ...!"

இடது கையின் ஐந்து விரல்களும், தலைவரின் அனுமதியைக் கேட்காமலே, விரிந்தன!

வாயைப் பொத்திய வலது கையைக் கடித்துக் கிழித்துவிட்டு, ஹாலுக்குப் பாய்ந்தாள் ஷர்மிளா.

வலது கையில் ரத்தம் சொட்ட, இடது கையில் கைத்தடியை ஓங்கிக்கொண்டு, வயர் தொங்கத் தொங்கத் துரத்தி வந்தார் உத்தமன்!

ஹாலில், நலம் விசாரிக்க வந்த தொண்டர்கள் சால்வையோடு உறைந்தார்கள். ஒருவன் மட்டும் பழக்க தோஷத்தில் கத்தினான்.

"தலைவர் எழுந்துட்டாரு! தலைவர் வாழ்க!"

எழிலரசியின் துப்பாக்கி, தலைவரின் நெற்றியைத் தொட்டது. கைத்தடி கீழே விழுந்தது.

ஷர்மிளா தொண்டையைத் தடவியபடி சொன்னாள்...

"நடையே வராதுன்னாரு மேடம்... மொத சிட்டிங்லயே ஓட வெச்சுட்டேன்!"