ஒன்பது நிமிடப் பாட்டு

நண்பகலில் அந்த வீட்டை அடைந்தேன். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவது என் தொழில். என் பையில் இருந்தது, நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தனியாக உருவாக்கிய இசைத்தொகுப்பின் மூலநாடாக்களில் கடைசிச் சுருள். வாத்தியம் எதையும் தொடாமல், மின்கருவிகள் எழுப்பிய ஒலிகளையும் தன் குரலையும் பிளேடால் வெட்டி ஒட்டியே அவள் பாட்டுகளை அமைத்திருந்தாள். இசைத்தட்டுகள் விற்கவில்லை. மறு ஆண்டே அவள் இறந்துபோனாள். இன்று எல்லோரும் செய்யும் இசையை அவள் அன்றே செய்துவிட்டாள் என்று இப்போதுதான் சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஒன்பது நிமிடக் கடைசிப் பாட்டைத் தட்டில் சேர்க்க இசைத்தட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. அது இந்த நாடாவில் மட்டுமே இருந்தது.

கதவைத் திறந்தவர் அவளுடைய அண்ணன்.

"அப்ப ஒரு பாட்டு போட்டுக் காட்டினா. மிக்ஸி ஓடுற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன்," என்றார். "இதையாவது முழுசா உக்காந்து கேக்கணும் தம்பி."

அவள் தன் நாடாக் கருவியின் மோட்டாரை மாற்றிப் பொருத்தியிருந்ததால், வேறெந்தக் கருவியிலும் அந்த நாடா சரியான வேகத்தில் ஓடாது. அதனால்தான் அவள் அறைக்கே வர வேண்டியிருந்தது. பசை இளகிக் கெட்டிருந்த நாடாவை என் பட்டறையில் இளஞ்சூட்டில் உலர்த்தியிருந்தேன்.

"ஒரு தடவைதான் ஓடும் ஐயா. ஓட ஓட உதிர்ந்துடும். நடுவுல நிறுத்தினா ஒட்டிக்கிட்டு அறுந்துடும்."

"அவளும் அப்படித்தான். ஒண்ணை ரெண்டு தடவை சொல்ல மாட்டா."

நாடாக் கருவியிலிருந்து ஒரே ஒரு கம்பி என் கணினிக்குச் சென்றது. அறையில் மைக் கிடையாது. சுழற்றிவிட்டேன்.

முதலில் சூடேறிய தூசியின் வாசனை. பிறகு தாளம்: மூச்சை இழுத்து, விட்டு, இழுத்து. அவள் தன் மூச்சையே திரும்பத் திரும்ப ஓடும் நாடா வளையமாக ஒட்டியிருந்தாள். அதன் அடியில் தேனீக்கூட்டம் போல ஒரு மெல்லிய ரீங்காரம். கருவியின் கீழே பழுப்புப் பொடி உதிரத் தொடங்கியது. மறுபக்கச் சக்கரத்தில் ஒலிப்பூச்சு உதிர்ந்து கண்ணாடி போலான வெறும் பட்டைதான் சுற்றிக்கொண்டிருந்தது.

கேட்ட ஒவ்வொரு கணமும் அழிந்துகொண்டிருந்தது.

நான்காவது நிமிடத்தில் மூச்சு தாளம் தப்பியது.

ஒட்டிய வளையம் தாளம் தப்பாது.

"அண்ணா," என்றது ஒலிபெருக்கி.

பெரியவரின் விரல்கள் என் மணிக்கட்டைப் பற்றின.

"அண்ணா, இன்னும் எவ்வளவு இருக்கு?"

இடப்பக்கச் சக்கரத்தில் ஒரு விரல் கனத்துக்குத்தான் நாடா மீந்திருந்தது. அவரும் அதைத்தான் பார்த்தார்.

"நிறுத்திடு தம்பி," என்று கிசுகிசுத்தார்.

"நிறுத்தினா அறுந்துடும் ஐயா."

"ஓடினா?"

கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தொழிலில் நான் கற்றது எதுவும் அங்கே உதவவில்லை.

"அண்ணா?"

"நிறைய இருக்கும்மா," என்றார் அவர். "நிறைய இருக்கு. நீ பாடு."

அவள் பாடவில்லை. மூச்சு மட்டும் அவசரமாக வந்தது.

நாடாவின் நுனி சக்கரத்தை விட்டுக் கழன்றது.

அன்று பட்டறைக்குத் திரும்பிப் பதிவைக் கேட்டேன். அவள் குரல் அதில் இல்லை. மூச்சும் இல்லை, ரீங்காரமும் இல்லை. மைக் இல்லாத அறையில் பேசிய பெரியவரின் குரல் மட்டும் தெளிவாகப் பதிந்திருந்தது: "நிறைய இருக்கும்மா." பதிவின் நீளம் ஒன்பது நிமிடம்.

மறுநாள் காலையில் அவர் இறந்துவிட்டதாகத் தொலைபேசி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம்.

அன்று பார்த்தபோது பதிவு பதினோரு நிமிடமாகியிருந்தது.

நான் அதைத் தொடவில்லை. ஆயினும் நாளுக்கு இரண்டு நிமிடம் வளர்கிறது. வளர்ந்த பகுதியிலும் அவர் குரல் மட்டுமே. எனக்குக் கேட்காத கேள்விக்கு அதே பதில், ஒவ்வொரு நாளும் சற்றுக் களைத்த குரலில். அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அழித்தால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை பதில் மாறியிருந்தது. வழக்கமான வார்த்தைகளுக்குப் பின் ஒரு நீண்ட இடைவெளி. பிறகு தயக்கத்துடன் சொன்னார்:

"ஆமாம்மா. அந்தத் தம்பியும் கேட்டுக்கிட்டுதான் இருக்கு."